உயரம் வெறும் காட்சிப்பொருளல்ல: மலைநாட்டுப் பயணங்களும் மறக்கப்படும் நிபந்தனைகளும்

ஏப்ரல் விடுமுறை வந்தால் நுவரெலியாவை நோக்கியும், மார்கழிப் பௌர்ணமி பிறந்தால் சிவனொளிபாதமலையை நோக்கியும் வாகனங்கள் அணிவகுப்பது எமது நாட்டில் வழமையான ஒன்றாகும். சமவெளியின் வெக்கையிலிருந்து சில நாட்களுக்கேனும் விடுபட விரும்புவது இயல்பானதே. எனினும், 2025ஆம் ஆண்டில் மலைநாடு கண்ட அவலங்களை நினைவில் நிறுத்தும்போது, இந்தப் பயணங்களைப் பற்றி நாம் சற்று ஆழமாகச் சிந்திக்க வேண்டியவர்களாக இருக்கின்றோம்.

அவ்வாண்டு மே மாதம் 11ஆம் திகதி இறம்பொடை கெரண்டிஎல்ல பகுதியில் கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்றுகொண்டிருந்த பஸ் வண்டி பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். செப்டெம்பர் மாதம் 4ஆம் திகதி எல்ல - வெல்லவாய வீதியில் சுற்றுலா சென்று திரும்பியோரின் பஸ் பள்ளத்தாக்கினுள் பாய்ந்ததில் 15 பேர் பலியாகினர். நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி நாடளாவிய ரீதியில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. அவற்றுள் பெரும் பங்கு கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை ஆகிய மலைசார்ந்த மாவட்டங்களுக்கு உரியதாகும்.

விபத்து நிகழ்ந்தால் சாரதியைக் குறை கூறுவதும், மண்சரிவு நிகழ்ந்தால் மழையைக் குறை கூறுவதும் எமக்குப் பழகிப்போய்விட்டது. சாரதிக்கும் மழைக்கும் பங்கில்லை என்று நாம் வாதிட வரவில்லை. ஆனால், இவ்விரண்டிற்கும் பின்னால் பொதுவான காரணியொன்று உண்டு. அதுதான் உயரம். மலையின் உயரத்தை நாம் கண்ணுக்கு விருந்தாக ஏற்றுக்கொண்டோமே தவிர, கட்டுப்பட்டு நடக்க வேண்டியதொரு நிபந்தனையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

உயரம் என்ன செய்கின்றது என்பதை முதலில் நோக்குவோம். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் மேலே செல்லும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகின்றது. இதனாலேயே கொழும்பில் 27 பாகையை ஒட்டியிருக்கும் ஆண்டுச் சராசரி, 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 16 பாகையளவிற்கு இறங்கிவிடுகின்றது. அங்கே வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதின் ஐந்தில் நான்கு பங்கு மாத்திரமே. நீரும் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதிக உயரத்தால் ஏற்படும் மலை நோய் பொதுவாக 2500 மீற்றருக்கு மேலேயே மனிதரைத் தாக்கும். எமது நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையின் உயரமே 2524 மீற்றர்தான். ஆகவே இமயமலைக்குச் செல்வோர் அஞ்சும் ஆபத்து இங்கில்லை. எமது மலைகளின் ஆபத்து வேறு. சரிவு, பனிமூட்டம், குளிர், திடீர் மழை ஆகிய நான்குமே இங்கு உயிரைப் பறிக்கின்றன.

இந்த உயரத்தின் பயன் மலையக மக்களுக்கு மாத்திரம் உரியதென எண்ணுவது தவறாகும். தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்துவந்து மேற்குச் சரிவில் மோதி மேலெழுந்து குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடுகின்றது. ஈரத்தை இழந்த அதே காற்று மறுபுறம் இறங்கும்போது வெப்பமடைந்து வரண்டு வீசுகின்றது. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதி மக்கள் கச்சான் என்று அழைக்கும் காற்று அதுவே. ஹட்டனில் குடை பிடிக்கும் அதே வேளையில் கல்முனையில் புழுதி பறப்பதற்கு இடையிலுள்ள இந்த மலைச்சுவரே காரணம்.

நீரின் கதையும் இதுவே. ஹோட்டன் சமவெளியும் அதனைச் சூழ்ந்த மலைகளும் மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் நீரூட்டுகின்றன. 335 கிலோமீற்றர் ஓடி மூதூருக்கு அண்மையில் கொட்டியாரக் குடாவில் கலக்கும் மகாவலியின் நீரை நம்பி வயல் செய்வோருள் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் உளர். மலையுச்சியில் ஒரு காடு அழிந்தால் அதன் விளைவை, அந்தக் காட்டைக் கண்ணாலும் கண்டிராத கிண்ணியா விவசாயி அனுபவிக்க வேண்டியிருக்கும். 2025 நவம்பரில் மலையில் கொட்டிய மழை மகாவலி வழியாகத் திருகோணமலை மாவட்டத்தின் தாழ்நிலங்களை மூழ்கடித்தமை இதற்கு அண்மைக்காலச் சான்றாகும்.

உயரத்திற்கு ஏற்ப இயற்கையும் அடுக்கடுக்காக மாறுகின்றது. தாழ்நிலத்தின் நெடிய மரங்கள் மேலே செல்லச் செல்லக் குறுகி, வளைந்து, பாசி போர்த்து நிற்கின்றன. இந்த முகிற்காடுகள் மழையை மட்டுமன்றி, கடந்து செல்லும் மூடுபனியையும் இலைகளிலும் பாசியிலும் தடுத்து நீராக்கி மண்ணுக்குத் தருகின்றன. தேயிலை வணிகத்திலும் உயரமே தரத்தைப் பிரிக்கின்றது. 600 மீற்றர் வரை தாழ்நிலத் தேயிலை, 1200 மீற்றர் வரை இடைநிலத் தேயிலை, அதற்கு மேல் உயர்நிலத் தேயிலை என்பதே வழக்கம்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய வரலாறொன்று உண்டு. கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைகளை மொட்டையடித்த பிரித்தானிய ஆட்சியாளரே ஒரு கட்டத்தில் தமக்கு ஓர் எல்லையை விதித்துக்கொண்டனர். 1873ஆம் ஆண்டு தாவரவியலாளர் சேர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைக்கு அமைய, 5000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடலாகாது எனத் தீர்மானிக்கப்பட்டது. இலாபத்தையே நோக்காகக் கொண்ட ஆட்சியொன்று, உயரத்தை அளவுகோலாகக் கொண்டு வகுத்த இந்த விதியாலேயே ஹோட்டன் சமவெளி பிழைத்தது. 1988இல் தேசிய பூங்காவாகிய அது, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

ஆயினும் அங்கு வாழும் உயிரினங்களுக்கு இன்று புதியதொரு நெருக்கடி தோன்றியுள்ளது. பூமி வெப்பமடையும்போது, தாழ்நிலத்து உயிரினம் குளிர்ச்சியைத் தேடி மேலே நகரலாம். உச்சியில் வாழும் உயிரினம் எங்கே நகரும்? கொம்பு மூக்கு ஓணான் போன்று உலகில் வேறெங்கும் காணப்படாத உயிர்களுக்கு மேலே இருப்பது வெறும் ஆகாயமே. கவனயீனமாக எறியப்படும் பிளாஸ்டிக் போத்தலும், புல்வெளியில் மூட்டப்படும் தீயும் அத்தகைய இடத்தில் ஏற்படுத்தும் சேதம் சமவெளியில் ஏற்படுவதை விடப் பன்மடங்கு பாரதூரமானது.

இனிப் போக்குவரத்தை நோக்குவோம். மலைநாட்டுப் புகையிரதப் பாதையை அமைத்தோர் உயரத்தோடு போட்டியிடவில்லை. அதனுடன் இணங்கிப் போனார்கள். 44 அடி முன்னே சென்றால் ஓர் அடிக்கு மேல் உயரக்கூடாது என்பதே அவர்களது கணக்கு. 1867இல் கண்டியையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்த பாதை பதுளையைச் சென்றடைய 1924ஆம் ஆண்டாயிற்று. பட்டிப்பொல புகையிரத நிலையம் 1891 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. தெமோதரையில் பாதை ஒரு முழு வளையமாகச் சுற்றிவந்து, புகையிரத நிலையத்தின் கீழாகவே நுழைந்து செல்கின்றது. நேரே இறங்க முடியாத உயரத்தைச் சுற்றி இறங்குவது என்னும் பொறுமை அதில் உண்டு.

வீதிகளில் அந்தப் பொறுமையைக் காண முடிவதில்லை. 1041 மீற்றர் உயரத்திலுள்ள எல்லவிலிருந்து வெல்லவாய வரையிலான வீதி முப்பது கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் 800 மீற்றருக்கும் அதிகமாகக் கீழிறங்குகின்றது. பத்துத் தொன் நிறையுள்ள பஸ் வண்டியொன்று 800 மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 250 லீற்றர் நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இதில் ஒரு பகுதியை வளித்தடையும், தாழ்ந்த கியரில் இயந்திரத்தின் பிடிப்பும் ஏற்றுக்கொள்ளும். சாரதி உயர்ந்த கியரில் இறங்கினால் அச்சுமை முழுவதும் பிரேக்குகளின் மீது விழுகின்றது. சூடேறிய பிரேக் தன் பிடியை இழக்கின்றது. பழுதற்ற வாகனத்திற்கும் இது நேரலாம் என்பதையும், கடலோர ஊர்களின் சமதரையில் ஆண்டுக்கணக்கில் வாகனம் ஓட்டிய அனுபவம் இங்கே போதாது என்பதையும் நாம் உணர வேண்டும். இரவு முழுவதும் விழித்திருந்த சாரதியும், அளவுக்கு மீறி ஏற்றப்பட்ட பயணிகளும், வலுவற்ற பாதுகாப்பு வேலியும் ஒன்றுசேரும் இடத்தில் பள்ளத்தாக்கு காத்திருக்கின்றது.

பொழுதுபோக்கிலும் இதே நிலைதான். உலக முடிவில் காலை பத்து மணியளவில் பனிமூட்டம் ஏறிவந்து, 800 மீற்றருக்கும் அதிகமான செங்குத்துப் பள்ளத்தைத் திரையிட்டு மறைத்துவிடுவது வழமை. நீர்வீழ்ச்சியில் குளிப்போரின் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும், மேலே கண்ணுக்குத் தெரியாத மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் வெள்ளமாக வந்திறங்கும். கித்துல்கலயில் படகோட்டத்திற்கு உவப்பான அதே நீரோட்டம், நீந்த இறங்குவோருக்கு நஞ்சாகின்றது. ஓடும் புகையிரதத்தின் வாசலில் தொங்கிப் புகைப்படம் எடுக்கும் வழக்கமும் உயிர்களைப் பலிகொண்டிருக்கின்றது.

இதற்கு மாறாக, உயரத்தை வணங்கி ஏறிய மரபொன்று எம்மிடையே நீண்டகாலமாக உண்டு. 2243 மீற்றர் உயரமான சிகரத்தை இந்துக்கள் சிவனொளிபாதமலை என்றும், முஸ்லிம்கள் பாவாத மலை என்றும், பௌத்தர்கள் ஸ்ரீபாத என்றும் போற்றுகின்றனர். 1344இல் அங்கு ஏறிய பயணி இப்னு பதூதா, ஏறுவோர் பற்றிக்கொள்வதற்கு இரும்புச் சங்கிலிகள் பொருத்தப்பட்டிருந்ததைப் பதிவு செய்துள்ளார். யாத்திரைப் பருவம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமியுடன் நிறைவுறுவதும் காரணமற்றதன்று. அதன் பின்னர் பருவமழையும் காற்றும் மலையைத் தமதாக்கிக்கொள்கின்றன. மலை எப்போது மனிதரை ஏற்கும், எப்போது ஏற்காது என்பதை எமது முன்னோர் அறிந்து வைத்திருந்தனர். நாமோ விடுமுறை நாட்காட்டியை மட்டுமே பார்த்துப் புறப்படுகின்றோம்.

சுற்றுலாப் பயணி இரண்டு நாட்களில் மலையிறங்கிவிடுவார். ஆனால் அச்சரிவிலேயே பிறந்து அச்சரிவிலேயே மடியும் மக்களின் நிலை என்ன? 2023இல் தமது வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்த மலையகத் தமிழரில் பெருந்தொகையினர் இன்றும் லயன் அறைகளிலேயே வாழ்கின்றனர். எந்தச் சரிவில் குடியிருப்பது என்பதைத் தெரிவுசெய்தவர்கள் அவர்கள் அல்லர். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணில் புதைந்தபோது, அந்நிலம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. செல்வதற்கு மாற்று நிலம் இல்லாதவருக்கு விடுக்கப்படும் எச்சரிக்கையால் என்ன பயன்? ஒருபுறம் சரிவுகளை வெட்டி அழகிய காட்சிக்காக விடுதிகள் எழுகின்றன. மறுபுறம் அதே மலையில் பாதுகாப்பான ஏழு பேர்ச் காணிக்காக ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கின்றது. இந்த முரண்பாட்டைக் கடந்து மலைநாட்டுச் சுற்றுலா பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

எனவே, செய்யப்பட வேண்டியவை எவை என்பதில் மயக்கமில்லை. நீண்ட இறக்கங்களின் தொடக்கத்தில் கனரக வாகனங்களும் பஸ்களும் கட்டாயமாக நின்று பிரேக் பரிசோதனை செய்தபின் இறங்கும் நடைமுறை வேண்டும். இரவுநேரச் சுற்றுலாப் பஸ்களில் மாற்றுச் சாரதி இருத்தல் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என மழைவீழ்ச்சியை அளவிட்டுப் படிப்படியாக விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கைகள், தோட்டத்து மக்களுக்கும் பயணிகளுக்கும் தமிழிலும் உடனுக்குடன் சென்றடைய வேண்டும். அனர்த்த வேளையில் ஒரு மொழியில் மட்டும் வரும் அறிவித்தல் அறிவித்தலே ஆகாது. சரிவில் எழும் எந்தக் கட்டடத்திற்கும் நிலப் பரிசோதனை இன்றி அனுமதி வழங்கப்படலாகாது. செல்வாக்குள்ளவருக்கு ஒரு நீதி, ஏனையோருக்கு வேறு நீதி என்பதும் கூடாது. எல்லாவற்றிற்கும் மேலாக, ஆபத்தான சரிவுகளிலுள்ள குடும்பங்களுக்கு உறுதியுடன் கூடிய காணி வழங்கப்பட வேண்டும்.

கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கும் மேலாக, பழைய தேயிலைப் பாதைகளை இணைத்து 22 கட்டங்களாக அமைக்கப்பட்டுள்ள பெக்கோ நடைபாதை நல்லதொரு முன்னுதாரணமாக அமையக்கூடும். வாகனத்தில் விரைந்து வந்து புகைப்படத்துடன் திரும்புவோரை விட, நடந்து செல்பவர் மலையையும் மலையின் மக்களையும் அதிகம் அறிந்து செல்வார். அவர் அருந்தும் தேநீரின் வருமானத்தில் ஒரு பங்கு அந்த லயன் வாசலிலேயே தங்கவும் வழியுண்டு. அவ்வழி தானாகத் திறக்காது. உள்ளூராட்சி மன்றங்களும் தோட்ட நிர்வாகங்களும் சுற்றுலாத்துறையினரும் சேர்ந்தே அதனைத் திறக்க வேண்டும்.

1873இல் அந்நிய ஆட்சியொன்றுக்கு 5000 அடியில் ஒரு கோடு கீற முடிந்ததெனில், சுதந்திர நாடொன்றுக்குத் தன் மக்களின் உயிரைக் காக்கும் கோடுகளைக் கீறுவது இயலாத காரியமன்று. மலை தன் நிபந்தனைகளை எவருக்காகவும் தளர்த்துவதில்லை. அந்நிபந்தனைகளைச் சட்டமாகவும் வழக்கமாகவும் மாற்றிக்கொள்வது எமது பொறுப்பாகும். அடுத்த பருவமழை தொடங்குவதற்கு முன்னராவது உரியவர்கள் இதனைக் கவனத்திற் கொள்வார்களா?