காசநோய்த் தடுப்பூசித் தேடல்: கிருமியின் மேலுறைப் புரதங்களும் செங்கல்பட்டு விட்டுச்சென்ற கேள்வியும்

உலகில் காசநோயால் பாதிக்கப்படுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். 2025-ஆம் ஆண்டுக்குள் இந்நோயை ஒழிப்போம் என்று மத்திய அரசு 2018 மார்ச்சில் அறிவித்த இலக்கு எட்டப்படவில்லை. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, 2015-இல் ஒரு லட்சம் பேருக்கு 237 ஆக இருந்த புதிய நோயாளிகளின் எண்ணிக்கை 2024-இல் 187 ஆகக் குறைந்துள்ளது. இது மெய்யான முன்னேற்றமே. ஆனால் நிர்ணயிக்கப்பட்டதோ 80 சதவீதக் குறைப்பு. பரிசோதனையையும் மருந்தையும் மட்டும் கொண்டு அந்த இடைவெளியைக் கடக்க முடியாது என்பது தெளிவாகிவிட்டதால், பெரியவர்களைக் காக்கும் புதிய தடுப்பூசியின் மீது எதிர்பார்ப்பு குவிந்திருக்கிறது.

அந்த எதிர்பார்ப்பின் மையத்தில் இருப்பது எம்72 என்ற தடுப்பூசி. காசநோய்க் கிருமியின் இரண்டு புரதங்களை ஒன்றாக இணைத்து இது உருவாக்கப்பட்டது. அவற்றில் ஒன்று கிருமியின் மேலுறையோடு தொடர்புடைய பிபிஇ குடும்பத்தைச் சேர்ந்தது. மற்றொன்று கிருமி வெளியே சுரக்கும் புரதம். கென்யா, தென்னாப்பிரிக்கா, ஜாம்பியா ஆகிய நாடுகளில் ஏற்கெனவே கிருமித்தொற்று உடைய பெரியவர்கள் சுமார் 3,500 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், மூன்றாண்டுகளில் தடுப்பூசி பெற்றவர்களில் 13 பேருக்கும் பெறாதவர்களில் 26 பேருக்கும் நுரையீரல் காசநோய் ஏற்பட்டது. அதாவது பாதியளவு பாதுகாப்பு. 2019-இல் வெளியான இந்த முடிவைத் தொடர்ந்து, சுமார் 20,000 பேரைக் கொண்ட மூன்றாம் கட்டச் சோதனை 2024 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் தொடங்கி, மேலும் சில ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்தோனேசியாவிலும் நடைபெற்று வருகிறது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.

‘மேலுறைப் புரதம்’ என்ற சொல்லைக் கேட்டதும் கொரோனா கால ‘கூர்முனைப் புரதம்’ நினைவுக்கு வருவது இயல்பு. செய்திகளிலும் இரண்டும் ஒன்றுபோலவே எழுதப்படுகின்றன. ஆனால் இவை செயல்படும் விதம் வேறு. கொரோனா வைரஸின் கூர்முனையை எதிரணுக்கள் பற்றிக்கொண்டால், அது உயிரணுவுக்குள் நுழைய முடியாது. காசநோய்க் கிருமியோ, தன்னை விழுங்க வரும் பாதுகாப்பு அணுக்களுக்குள்ளேயே குடியேறி வாழ்கிறது. அங்கே எதிரணுக்கள் எளிதில் எட்டுவதில்லை. கிருமி வெளிப்படுத்தும் புரதங்களின் துணுக்குகளை அந்த அணுக்கள் தம் மேற்பரப்பில் ஏந்திக் காட்ட, டி அணுக்கள் அவற்றை அடையாளம் கண்டு வர வேண்டும். எனவே எந்தப் புரதத்தைக் காட்டினால் டி அணுக்கள் பயனுள்ள வகையில் திரளும் என்பதே ஆய்வாளர்களின் கேள்வி.

விடை எளிதாகக் கிடைக்கவில்லை. 1998-இல் கிருமியின் முழு மரபணுத் தொகுப்பும் வெளியானபோது சுமார் 4,000 மரபணுக்கள் கணக்கிடப்பட்டன. அத்தொகுப்பின் புரதக் குறியீட்டுப் பகுதியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, பிஇ, பிபிஇ என்ற இரு புரதக் குடும்பங்களுக்கு உரியது. அவற்றுள் பலவற்றின் பணி இன்றும் விளங்கவில்லை. கிருமியின் உறையைக் கட்டும் 85ஏ என்ற புரதத்தை அடிப்படையாகக் கொண்ட தடுப்பூசி, விலங்குச் சோதனைகளில் நம்பிக்கை தந்தது. தென்னாப்பிரிக்காவில் 2,797 குழந்தைகளிடம் அதைச் சோதித்து 2013-இல் வெளியிட்ட முடிவு, பிசிஜிக்கு மேல் கூடுதல் பாதுகாப்பு இல்லை என்பதே.

இதைவிட வியப்பளிக்கும் செய்தி 2010-இல் வந்தது. பொதுவாக நோய்க்கிருமிகள் நம் உடல் அடையாளம் காணும் பகுதிகளை மாற்றிக்கொண்டே தப்பும். உலகின் பல பகுதிகளிலிருந்து எடுத்த காசநோய்க் கிருமிகளை ஒப்பிட்டபோது, டி அணுக்கள் அடையாளம் காணும் பகுதிகளே பெரும்பாலும் மாறாமல் இருந்தன. தன்னை உடல் கண்டுகொள்வதில் கிருமிக்கு ஏதோ ஆதாயம் இருக்கலாம் என்பது அதற்குத் தரப்படும் விளக்கம். உடலின் கடும் எதிர்வினையால்தான் நுரையீரலில் குழிவு உண்டாகிறது. குழிவிலிருந்துதான் இருமல் வழியே கிருமி அடுத்தவரைச் சென்றடைகிறது. இவ்விளக்கம் சரியெனில், உடல் நன்றாக அடையாளம் காணும் புரதத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டும் போதாது.

இந்தியாவைப் பொறுத்தவரை, ஆய்வகத்தைவிடக் கிராமத்தில் கற்ற பாடம் கடுமையானது. 1921 முதல் பயன்பாட்டில் உள்ள பிசிஜி, பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடையே நான்கில் மூன்று பங்குக்கும் மேல் பாதுகாப்பு தந்தது. அதே தடுப்பூசியை 1968 முதல், இன்றைய திருவள்ளூரையும் உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சோதித்தது. 2,81,161 பேருக்குப் பிசிஜியோ மருந்தற்ற ஊசியோ போடப்பட்டது. தொடக்கத்தில் தொற்று அறிகுறி இல்லாதிருந்த 1,09,873 பேரில் பதினைந்து ஆண்டுகளில் 560 பேருக்கு நோய் வந்தது. அவர்களில் அதிக அளவு பிசிஜி பெற்றவர்கள் 189 பேர், குறைந்த அளவு பெற்றவர்கள் 191 பேர், மருந்தற்ற ஊசி பெற்றவர்கள் 180 பேர். பெரியவர்களுக்குப் பாதுகாப்பு அறவே இல்லை, சிறுவர்களுக்குச் சிறிதளவே.

ஏன் என்பதற்கு இறுதியான விடை இல்லை. இப்பகுதியின் மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமியின் தீங்கற்ற உறவினங்கள் சிறுவயதிலேயே உடலைப் பழக்கிவிடுகின்றன. அதன்பின் போடும் பிசிஜி புதிதாக எதையும் சேர்ப்பதில்லை என்பது வலுவான கருத்து. தென்னிந்தியாவில் மிகுதியாக உள்ள கிருமி வம்சம், தென்னாப்பிரிக்காவில் மிகுதியாக உள்ளவற்றிலிருந்து வேறுபட்டது என்பதையும் மறக்கலாகாது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைப் பிசிஜி தடுப்பதால், நெய்யாற்றின்கரையில் பிறந்தாலும் திருவள்ளூரில் பிறந்தாலும் குழந்தைக்கு அதைப் போடுவதில் ஐயத்துக்கு இடமில்லை. கேள்வி பெரியவர்களைப் பற்றியது.

இதை வைத்துப் பார்க்கும்போது, எம்72 சோதனையில் இந்தியா இல்லாதது சிறிய விஷயமன்று. ஆப்பிரிக்காவில் வெற்றி கிடைத்தால், அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்திக்கொள்ளும் அவசரம் எழும். செங்கல்பட்டுக்குப் பிறகு அது நியாயமாகாது. 2019-21 தேசியக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் சுமார் 31 சதவீதத்தினருக்குத் தொற்று உள்ளது. எம்72 குறிவைக்கும் மக்கள் இங்கேதான் அதிகம். முடிவு வந்தபின் அனுமதி குறித்து விவாதிப்பதைவிட, இந்திய உடல்களில் அது எத்தகைய எதிர்வினையைத் தூண்டுகிறது என்ற சிறிய ஆய்வையாவது இப்போதே தொடங்குவது காலத்தை மிச்சப்படுத்தும்.

உள்நாட்டில் முயற்சிகள் இல்லாமல் இல்லை. விபிஎம்1002, இம்யூவாக் ஆகிய இரண்டையும் காசநோயாளிகளின் வீட்டினர் சுமார் 12,000 பேரிடம் ஒப்பிடும் சோதனையை ஐசிஎம்ஆர் 2019-இல் தொடங்கியது. ஸ்பெயினில் உருவான எம்டிபிவாக் தடுப்பூசியின் சோதனையை பாரத் பயோடெக் நிறுவனம் 2024 மார்ச்சில் இங்கே தொடங்கியது. இது எம்72-ஐப் போல ஓரிரு புரதங்களை நம்புவதில்லை. மனிதரிடமிருந்து எடுத்த கிருமியில் இரண்டு மரபணுக்களை நீக்கி வலுவிழக்கச் செய்தது. பிசிஜி தயாரிப்பின்போது தொலைந்துபோன சில முக்கியப் புரதங்களின் மரபணுக்கள் இதில் எஞ்சியிருக்கின்றன. மண்ணின் கிருமிகளுக்குப் பழகிய உடல், பிசிஜியைப் புறக்கணித்ததுபோல் இதையும் புறக்கணிக்குமா என்பதைத் தென்மாநிலங்களில் பல்லாயிரம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தால்தான் அறிய முடியும்.