அளவெடுக்காத ஷூவுக்கு அபராதம் எதற்கு?

பெரிய கட்டுமான சைட்டுகளின் வாசலில் ஒரு பலகை தொங்கும். சேஃப்டி ஷூ இல்லாமல் உள்ளே வரக் கூடாது, மீறினால் கூலியில் பிடித்தம் என்று தமிழிலும் இந்தியிலும் எழுதியிருக்கும். சென்னைப் புறநகரில் இப்படிப்பட்ட சைட்டுகளில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக வேலை பார்க்கிறேன். பிடித்தம் எழுதும் நோட்டு என்னிடம்தான் இருக்கும். அந்த நோட்டே இருக்கக் கூடாது என்பது என் கருத்து. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஹவாய் செருப்போடு சாரம் ஏறுகிறவரை அலட்சியக்காரர் என்று சொல்லிவிடுவது சுலபம். அவர் கழற்றிப் போட்ட ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்தால் காரணம் விரலில் தட்டுப்படும்.

முதலில் அந்த ஷூ எப்படி வாங்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். சப் காண்டிராக்டர் கடைக்குப் போன் போடுகிறார். “எட்டாம் நம்பர்ல அம்பது, ஒம்பதுல முப்பது, ஏழுல இருபது அனுப்புங்க.” அவ்வளவுதான். பெட்டிகள் ஸ்டோரில் இறங்கும். முதல் நாள் வந்தவருக்குத் தன் அளவு கிடைக்கும், பிறகு வருகிறவர்கள் மிச்சமிருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏழு போடுகிற பையன் ஒன்பதை வாங்கி, முன்பக்கம் கந்தல் துணியைத் திணித்துக்கொண்டு நடக்கிறான். சில இடங்களில் அந்த ஷூவின் விலையையும் அவன் கூலியிலேயே கழிக்கிறார்கள். கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விதிகளும் பாதுகாப்புச் சாதனங்களை முதலாளி தர வேண்டும் என்றன. 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்றே சொல்கிறது. விலையையும் பிடித்து, போடவில்லையென்று மறுபடியும் பிடிப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நான் ஆம்பூர்க்காரன். சைட்டுக்கு வருமுன் அங்கே ஒரு ஏற்றுமதி ஷூ ஆலையில் லாஸ்டிங் பகுதியில் இருந்தேன். லாஸ்ட் என்பது கால் வடிவத்தில் இருக்கும் பிளாஸ்டிக் அச்சு. தைத்து வந்த தோலை அதன்மேல் வைத்து, இழுத்துப் பிடித்து, அடியில் மடித்து ஒட்டுவோம். ஷூ யாருடைய காலுக்குப் பொருந்தும் என்பதை அந்த அச்சுதான் தீர்மானிக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகும் ஷூவுக்கு ஐரோப்பியக் காலுக்கான அச்சு; அதில் குற்றமில்லை. ஆனால் உள்ளூர் வேலையாட்களுக்கென்று தைப்பதிலும் அந்த ஒல்லியான வடிவத்தின் சாயலையே பார்க்கிறேன். சிறுவயதிலிருந்து வெறுங்காலோடும் செருப்போடும் நடந்து வளர்ந்தவரின் பாதம் முன்பக்கம் நன்றாக விரிந்திருக்கும். அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. நமக்கென்று ‘பா’ என்ற பெயரில் ஒரு அளவுமுறையையும் பரிந்துரைத்திருக்கிறார்கள். அது நடைமுறைக்கு வந்து பெட்டியின்மேல் அச்சாகும் நாளை மிகவும் எதிர்பார்க்கிறேன்.

அகலம் போதாதபோது நம்மவர்கள் செய்வது, ஒரு நம்பர் பெரிதாக வாங்குவது. பிரிட்டிஷ் அளவில் ஒரு நம்பர் கூடினால் நீளம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் கூடும். குதிகால் உள்ளே ஏறி இறங்கும், கொப்புளம் வரும். விரல்கள் மடங்கும் இடம் ஒன்றாகவும் ஷூ மடங்கும் இடம் வேறாகவும் ஆகிவிடும். சாதாரண ஷூவாக இருந்தால் பத்து நாளில் தோல் இளகிக் கால் சொன்னபடி கேட்கும். சேஃப்டி ஷூவின் முன்னால் இருக்கும் இரும்புக் கவசம் எத்தனை வருடம் போட்டாலும் இளகாது. அதனால் முதல் நாள் குத்துகிற ஷூ கடைசி நாள் வரை குத்தும்.

அந்தக் கவசம் அவசியம் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஐ.எஸ். 15298 என்ற இந்தியத் தரப்படி, 20 கிலோ எடையை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து அதன்மேல் போட்டுப் பார்க்கிறார்கள். 200 ஜூல் அடி அது. உள்ளே களிமண் போன்ற ஒரு உருளையை வைத்திருப்பார்கள். அது எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதை வைத்து, விரலுக்கு இடம் மிஞ்சியதா என்று அளப்பார்கள். ஒன்றரை டன் பாரத்தில் அழுத்தியும் பார்ப்பார்கள். நல்ல சோதனைதான். ஆனால் நம் ஊரில் வேலை எப்படி நடக்கிறது? கம்பி கட்டுகிறவர், டைல்ஸ் ஒட்டுகிறவர், கல் பதிக்கிறவர் எல்லோரும் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே வேலை செய்கிறார்கள்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கம்பி வேலைக்காரர் ஷூவைக் கழற்றி என்னிடம் காலைக் காட்டினார். ஐந்து விரல்களின் முதுகிலும், ஒரே நேர்கோட்டில், கன்றிப்போன கறுப்பு வரி. பெருவிரலுக்கு மேலே தோல் உரிந்து ஈரமாக இருந்தது. “நின்னா ஒண்ணுமில்லண்ணே, உக்காந்தா வெட்டுது” என்றார். கவசத்தின் பின்விளிம்பு இருக்கும் இடம் அதுதான். உட்காரும்போது பாதம் மடங்குகிறது, இரும்பு மடங்காமல் விரலின்மேல் ஏறுகிறது. விளிம்பில் நல்ல ரப்பர் பட்டை வைத்துத் தைத்த ஷூவில், அகலமும் சரியாக இருந்தால், இந்த வெட்டு வராது. விலை குறைந்தவற்றில் அந்தப் பட்டை காகிதம் மாதிரி இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. எனவே என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: கடையில் நின்றும் நடந்தும் பார்த்தால் போதாது, குத்துக்காலிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். சாயங்காலம் போங்கள், வேலை முடிந்து கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. வேலைக்குப் போடும் சாக்ஸையே போட்டுக்கொண்டு போங்கள். கயிறு கட்டாமல் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும், கவசத்துக்குள் விரல்கள் தாராளமாக ஆட வேண்டும்.

இன்னொன்று. சைட்டில் காலுக்கு வரும் காயங்களில் நான் அடிக்கடி பார்ப்பது மேலிருந்து விழும் சுமையால் வருவதல்ல, கீழிருந்து ஏறும் ஆணியால் வருவது. சென்ட்ரிங் பிரித்த பலகையை ஆணியோடு கவிழ்க்காமல் போட்டிருப்பார்கள். அதற்குத் தேவை சோலுக்குள் ஒரு தகடு. முத்திரையில் எஸ்1 என்று மட்டும் இருந்தால் தகடு கிடையாது. பக்கத்தில் பி சேர்ந்து எஸ்1பி என்றோ, எஸ்3 என்றோ இருந்தால்தான் உண்டு. ஷூ வாங்குகிற பல மேஸ்திரிகளுக்கு இது தெரியாது. முன்னால் தட்டிப் பார்த்து, ‘டங்’ என்று கேட்டால் சேஃப்டி ஷூ என்று வாங்கிவிடுகிறார்கள்.

வேலைக்கு வேலை ஷூவும் மாற வேண்டும். தளம் போடும் நாளில் தோல் ஷூ கூடாது. ஈர சிமெண்ட் கடுமையான காரம். தோல் ஷூவை மட்டுமல்ல, கால் தோலையும் தின்றுவிடும். அன்றைக்கு கம்பூட்ஸ்தான், அதுவும் பேண்ட்டை உள்ளே செருகாமல் வெளியே இறக்கிவிட்டு. உள்ளே சிமெண்ட் தண்ணீர் இறங்கிவிட்டால் வெறுங்காலைவிட மோசம், சாயங்காலம் வரை அதிலேயே ஊறும். தார் ரோடு போடுகிறவர்களின் கதை வேறு. 130, 140 டிகிரியில் கொட்டும் கலவையின் ஓரத்தில் நடக்கிறவருக்கு சாதாரண பியூ (பாலியூரித்தேன்) சோல் தாங்காது. நைட்ரைல் ரப்பர் சோல் வேண்டும். அதைச் சோதிப்பதே 300 டிகிரி சூட்டில் ஒரு நிமிடம் வைத்துத்தான்.

எந்த ஷூ நீடிக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். தோல் தடிமனை விரலால் கிள்ளிப் பார்க்கலாம், மடக்கினால் மேல்பூச்சு பொடிப்பொடியாக வெடிக்கிறதா என்று பார்க்கலாம், நாக்கு இருபுறமும் சேர்த்துத் தைத்திருந்தால் ஜல்லிப் பொடி உள்ளே போகாது. இவற்றையெல்லாம்விட முக்கியமாக, தயாரித்த மாதத்தையும் வருடத்தையும் பாருங்கள். ஷூவிலேயே பதித்திருக்க வேண்டும். பியூ சோல் காற்றின் ஈரத்தை வாங்கி, யாரும் போடாமலே உள்ளுக்குள் இற்றுப்போகும். நம் கடற்கரை ஊர்களின் புழுக்கம் அதை இன்னும் வேகப்படுத்தும். கோடவுனில் பல வருடம் கிடந்து தள்ளுபடியில் வந்த ஷூ, பார்க்கப் புதிதாக மின்னும். ஒரு மாத வேலையில் சோல் கேக் துண்டாக உதிரும். அப்படி உதிர்ந்த சோலோடு ஒருவர் மூன்றாவது மாடிச் சாரத்தில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த லோடு முழுவதையும் திருப்பி அனுப்ப வைத்தேன். நல்ல ஷூவும் வேர்வை காய நேரமில்லாமல் தினமும் போட்டால் சீக்கிரம் அழுகும். இரண்டு ஜோடி கொடுத்து மாற்றி மாற்றிப் போடச் சொல்வது வீண்செலவு இல்லை.

பெண்களைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. தளம் போடும் நாளில் சட்டி சுமக்கும் சித்தாட்களில் எத்தனையோ பேர் பெண்கள். அவர்களுக்கு மூன்று, நான்கு, ஐந்து அளவுகளில் ஷூ வேண்டும். ஆர்டர் கொடுப்பவர் அந்த எண்களை வாயால் உச்சரிப்பதுகூட இல்லை. எங்கள் ஆம்பூர் ஆலைகளில் ஷூவின் மேல்பகுதியைத் தைக்கும் வரிசையில் பெரும்பாலும் பெண்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். உலகத்துக்கே ஷூ தைக்கும் கைகள் உள்ள மாவட்டத்துக்குச் சில மணி நேரத் தொலைவில், ஒரு பெண் ரப்பர் செருப்போடு ஈர கான்கிரீட்டில் நிற்கிறாள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களையும் இப்படித்தான் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு ஷூ கடிப்பதே தெரியாது. புண் பெரிதாகி, நாற்றம் வந்த பிறகுதான் சொல்வார்கள். வேலைக்குச் சேரும்போது ரத்த அழுத்தம் பார்க்கிறோம். செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலையும் ஒருமுறை பார்த்தால் என்ன?

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஒரு சைட்டில் கடைக்காரரையே எல்லா அளவுகளோடும் சனிக்கிழமை கூலி கொடுக்கும் சாயங்காலத்தில் வரவழைத்தோம். ஒவ்வொருவரும் தாளில் காலை வைத்துக் கோடு போட்டு, நீளமும் அகலமும் எழுதி, போட்டு உட்கார்ந்து பார்த்து எடுத்தார்கள். ஒரு ஜோடிக்கு முன்பைவிடச் சற்றுக் கூடுதல் விலை ஆனது. அதற்குப்பின் அங்கே ஷூவைக் கழற்றி வைத்தவர்களைத் தேடி அலைய வேண்டிய வேலை எனக்குப் பெரிதாக இருக்கவில்லை. நெடுஞ்சாலைத் துறையும் பொதுப்பணித் துறையும் மாநகராட்சிகளும் விடும் டெண்டர்களில், நான் பார்த்தவரை, பெரும்பாலும் சேஃப்டி ஷூ என்று ஒரு சொல் மட்டும் இருக்கிறது. அங்கே ஆணித் தகடு உள்ள ஷூ, மூன்றிலிருந்து பதினொன்று வரை எல்லா அளவும், தயாரித்து ஓராண்டுக்குள் ஆனது, போட்டுப் பார்த்துப் பொருந்தாததை மாற்றித் தருவது ஆகியவற்றை நிபந்தனையாக எழுத வேண்டும். ஆளாளுக்கு அளவெடுத்த பட்டியலை ஒப்பந்ததாரர் காட்டிய பிறகே ஷூவுக்கான தொகையை விடுவிக்க வேண்டும். அந்தப் பட்டியல் இல்லாத சைட்டில் தொழிலாளியிடம் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க யாருக்கும் உரிமை இருக்கக் கூடாது.