வண்ணம் பெரிதா, உயிர் பெரிதா?

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் திருவிழா என்றால் வாணவேடிக்கை இல்லாமல் நிறைவு பெறாது. வானில் விரியும் பச்சையையும் சிவப்பையும் கண்டு கைதட்டுகிறோம். ஆனால், அந்த ஒளிக்குத் துணைநின்ற உப்பு எது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இதுபற்றி என் கருத்தைக் கூற விழைகின்றேன்.

கரியும் கந்தகமும் எரிபொருள்கள். காகிதக் குழாய்க்குள் அடைபட்ட அவை எரிவதற்குக் காற்று போதாது. ஆக்சிஜனைத் தன்னுள் கட்டி வைத்திருந்து, சூடேறியதும் ஈந்துவிடும் உப்பு ஒன்று தேவை. அதுவே ஆக்சிஜனேற்றி.

இவற்றுள் தொன்மையானது வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட்டு. சோடியம் நைட்ரேட்டு ஈரத்தை உறிஞ்சுவதால் வாணத்திற்கு அவ்வளவாக ஏற்றதன்று. பொட்டாசியம் குளோரேட்டோ வீரியம் மிக்கது. ஆனால் கந்தகத்தோடு சேர்ந்தால் சிறு உராய்விலேயே தீப்பற்றக்கூடியது. 1788ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில், வெடியுப்புக்குப் பதிலாக இதைக் கொண்டு வெடிமருந்து செய்ய முயன்றபோது வெடித்து உயிர்கள் மாண்டன. பிரிட்டன் 1894இல் இக்கலவையைத் தடை செய்தது. நம் நாட்டிலும் 1992ஆம் ஆண்டின் அரசு அறிவிக்கை இதைத் தடுக்கின்றது.

"தீக்குச்சியிலும் குளோரேட்டு உண்டே!" என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் சிவப்புப் பாஸ்பரஸ் குச்சியில் இல்லை. பெட்டியின் பக்கவாட்டில் இருக்கின்றது. சேரக்கூடாதவற்றைப் பிரித்து வைத்த அறிவே நம் சட்டைப்பையைக் காக்கிறது.

பச்சை வண்ணம் தரும் பேரியம் நைட்ரேட்டின் கதை வேறு. அது நச்சுத்தன்மை உடையது. பட்டாசில் பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018இல் தடை செய்தது. 2021இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. சிவகாசித் தொழிலாளரின் பிழைப்பு என்னாவது என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தத் தூளை நாள்தோறும் கையால் அள்ளுபவரும் அத்தொழிலாளியே அல்லவா? கூலிக்காக அவர் வருவது உடலை விற்பதற்கன்று. அவருக்கு மாற்று வழியும் வேண்டும். நல்ல மூச்சும் வேண்டும்.

அப்படியானால் வீட்டில் பொழுதுபோக்காகப் பட்டாசு செய்ய எந்த உப்பு ஏற்றது? எதுவுமே ஏற்றதன்று என்பதே என் துணிபு. ஒன்று மற்றொன்றைவிடச் சாந்தமானது என்பதால் அது சாது ஆகிவிடாது. உரிமமின்றிச் செய்வது சட்டப்படியும் குற்றம். பாடநூலில் சமன்பாட்டை எழுதத் தெரிவது ஒன்று. மருந்தைக் கையாளும் பயிற்சி முற்றிலும் வேறு.

நாம் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. நம் ஊர்த் திருவிழாக் குழுவினரிடம் சென்று, "வாணம் வாங்குமுன் உரிமத்தைக் கேளுங்கள், பேரியம் உண்டா என்று கேளுங்கள்" என எடுத்துரைப்போம். பச்சை ஒளி சற்றுக் குறைந்தால் திருவிழா குறைந்துவிடாது. ஒரு தொழிலாளியின் வீட்டு விளக்கு அணைந்தால் அதை எந்த வாணத்தாலும் ஏற்ற முடியாது.