சாரா ஆன்ட்டியைப் பார்த்தவர் யார்?

முதியோர் இல்லம் பெருகுவது பிள்ளைகளின் நன்றிகேடு, கூலிக்குப் பார்ப்பவருக்குப் பாசம் வராது என்று எழுதுகிறார்கள். ரத்த உறவு மட்டுமே முதுமைக்குக் காவல் என்பது அந்த வாதத்தின் சாரம். எழுதியவர்கள் ஒருமுறை கேரளத்தின் மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்குப் போய்வர வேண்டும்.

அங்கே சாரா கோஹன் கையால் பூவேலை செய்த துணிகளை விற்றுவந்தார். பிள்ளைகள் இல்லை. கணவர் ஜேக்கப் 1999இல் இறந்தார். அதன் பிறகு அவரைக் கவனித்துக்கொண்டவர், சிறுவனாக அதே தெருவில் அஞ்சலட்டை விற்ற தாஹா இப்ராகிம். யூதப் பாட்டிக்கு ஒரு முஸ்லிம் குடும்பம்! 2019 ஆகஸ்டில், 96 வயதில், சாரா இறக்கும்வரை அந்தக் கவனிப்பு நிற்கவில்லை. இதில் ரத்தம் எங்கே இருக்கிறது?

தாஹாக்கள் எல்லாத் தெருவிலும் கிடைக்க மாட்டார்கள், உண்மைதான். அதனால்தான் இல்லங்களும் ஹோம் நர்ஸ்களும் வேண்டும். 2011 கணக்கெடுப்பிலேயே கேரளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். பிள்ளைகளோ வளைகுடாவில்.

கூலி வாங்குவது பாசத்துக்கு எதிரி அல்ல. இரவில் மூன்று முறை எழுந்து படுக்கை விரிப்பை மாற்றும் பெண்ணுக்கு உறக்கமும் விடுமுறையும் தராததுதான் எதிரி. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் ஏற்கெனவே பிள்ளைகளையும் வாரிசுகளையும் பொறுப்பாக்குகிறது. அதனால், பிள்ளைகளைத் திட்டும் கட்டுரையாளர்களே, அடுத்த கட்டுரையை அந்தப் பெண்ணின் வேலை நேரத்தைப் பற்றி எழுதுங்கள்.