டிரைவரில் பழி போட முதல்

"டிரைவர் அடிச்சிட்டுது மச்சான், தூக்கிப் போடு." டோர்ச்சைக் கழற்றி எல்.ஈ.டி. மாற்றி விளையாடுற நம்ம ஆக்கள், லைட் விட்டுவிட்டு எரியத் தொடங்கினதும் சொல்லும் முதல் வசனம் இதுதான். பல நேரம் இது விசாரிக்காமலே கொடுக்கிற தீர்ப்பு. நான் கலைப்பீடம், எலெக்ட்ரோனிக்ஸ் படிக்கவில்லை. ஆனால் ஆதாரம் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது என்பது எங்களுக்கும் பாடம்தானே.

டிரைவர் என்பது பெட்டரிக்கும் எல்.ஈ.டி.க்கும் நடுவில் இருக்கும், நாணயம் அளவான வட்டப் பலகை. 18650 செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், எரிய எரிய 3 வோல்ட் பக்கம் இறங்கும். அதற்குள் எல்.ஈ.டி.க்குப் போகிற கரண்டைக் கட்டுப்படுத்துவதுதான் டிரைவரின் வேலை. பரவலான ஒரு வகையில் 7135 சிப்புகள் இருக்கும். ஒன்றுக்கு 350 மில்லிஅம்பியர், எட்டு இருந்தால் 2.8 அம்பியர். அவ்வளவு கரண்ட் போகிற வழியில் ஸ்பிரிங்கில் கொஞ்சம் கறள் இருந்தாலே வெளிச்சம் விழுந்துவிடும்.

அதனால் ஒழுங்காக வாங்க. முதலில் பெட்டரி. 9900 மில்லிஅம்பியர்-மணி என்று அச்சடித்த 18650ஐ நம்பாதீங்க. நல்ல செல்களே 3,500 சுற்றில்தான். மல்ட்டிமீட்டரால் ஒருக்கா அளந்து பாருங்க. உறை கிழிந்த, நசுங்கிய செல் என்றால் அதோடு வேலையை நிறுத்துங்க. இரண்டாவது, மரையையும் ஸ்பிரிங்கையும் துடையுங்க. மூன்றாவது, பின்பக்கச் சுவிட்ச். மூடியைக் கழற்றி, செல்லின் அடியையும் குழாயின் வெறும் உலோக விளிம்பையும் தடித்த வயரால் ஒரு கணம் தொடுங்க. எரிந்தால் பிழை மூடியில். எரியாவிட்டால் எல்.ஈ.டி.யின் வயரைக் கழற்றி மீட்டரின் டயோட் நிலையில் பாருங்க. 3 வோல்ட் எல்.ஈ.டி. பெரும்பாலும் மங்கலாக ஒளிரும். இவ்வளவும் சரியென்றால்தான் டிரைவரைச் சந்தேகிக்கலாம்.

அதோடு முடியவில்லை. வெளிச்சம் கூட்டவென்று ஒருவர் மேலதிகமாக இரண்டு சிப் ஒட்டியிருப்பார், இன்னொருவர் 6 வோல்ட் எல்.ஈ.டி. போட்டு டிரைவரையே மாற்றியிருப்பார். டோர்ச் கைமாறும், செய்த மாற்றம் எங்கேயும் எழுதியிருக்காது. அடுத்து திறப்பவர் எதை எதோடு ஒப்பிட்டுப் பிழை பிடிப்பது? குறிப்பில்லாத திருத்தம் அடுத்தவருக்குக் குப்பைதான்.

இது பொழுதுபோக்குக்காரரின் கவலை மட்டும் இல்லை. 1990இல் வடக்குக்கு வந்த பொருளாதாரத் தடையில் டோர்ச் பெட்டரியும் அடக்கம். சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட கதை வெள்ளவத்தையில் பல வீடுகளில் இன்னும் இருக்கு. அந்தக் கைவேலை எல்லாம் வாய்ச்சொல்லாகவே வந்தது. சொல்கிறவர்கள் போனால் அதுவும் போய்விடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனபோது, ஒரு டோர்ச்சின் பெறுமதி கொட்டாஞ்சேனை மாடிப்படிகளில் ஏறி இறங்கின எல்லாருக்கும் விளங்கியது.

ஐரோப்பிய ஒன்றியம் 2027 பெப்ரவரியிலிருந்து கையடக்கச் சாதனங்களின் பெட்டரியைப் பாவனையாளரே கழற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டிருக்கு. இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எந்த எல்.ஈ.டி., எத்தனை சிப், எந்தத் திகதி என்று தமிழில் மூன்று வரி எழுதி, மடித்து டோர்ச்சின் பெட்டிக்குள் வையுங்க. சோல்டர் பிடிக்கத் தெரியாத கலைப்பீடக்காரருக்கும் இதில் வேலை இருக்கு: கடை அண்ணாமாரிடம் கேட்டு எழுதுவது.