மரத்தடிப் பள்ளிக்கு பஸ் வருமா?

'நாமே ஒரு பள்ளி ஆரம்பித்தால் என்ன?' என்று நினைக்காத பெற்றோர் குறைவு. அமெரிக்காவில் அதற்குச் சட்டமே வழிவிடுகிறது. சார்ட்டர் பள்ளி என்று பெயர். மின்னசோட்டா மாநிலம்தான் 1991-ல் முதன்முதலில் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அரசுப் பணத்தில் நடக்கும், கட்டணம் கிடையாது, நிர்வாகம் மட்டும் தனிக் குழுவிடம். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்!

பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகரில் 2008-ல் தொடங்கிய என்விரான்மென்டல் சார்ட்டர் பள்ளி இப்படி வந்ததுதான். அருகிலேயே 600 ஏக்கருக்கும் பெரிய ஃப்ரிக் பூங்கா. பிள்ளைகளுக்கு அதுவும் வகுப்பறை.

கேட்கவே ஆசையாக இருக்கிறது இல்லையா? ஆனால், மரமும் ஓடையும் இலவசம். மழைக்கோட்டும் பூட்ஸும் இலவசமல்ல. காலையில் வேலைக்கு ஓடும் அம்மாவால் தினமும் பிள்ளையைக் கொண்டுவந்து விடவும் முடியாது. பென்சில்வேனியாவில் சார்ட்டர் பள்ளி மாணவர்களுக்கும் பள்ளி மாவட்டம் பஸ் விட வேண்டும் என்கிறது சட்டம். எல்லா மாநிலங்களிலும் அப்படி இல்லை. பஸ் இல்லாத ஊரில், குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், அது கார் வைத்திருப்பவர்களின் பள்ளியாகிவிடும்.

வெளியில் படித்தாலும் மாநிலத் தேர்வு உண்டு. ஒப்பந்தக் காலம் முடியும்போது மதிப்பெண்ணையும் வரவு செலவையும் பார்ப்பார்கள். திருப்தி இல்லையென்றால் பள்ளியை மூடவும் செய்யலாம்.

அதனால் இப்படியொரு பள்ளி தொடங்குபவர்கள், தோப்பு தேடிப் போகும் முன்பே பட்ஜெட்டில் பஸ்ஸுக்கும் பூட்ஸுக்கும் பணம் ஒதுக்கிவிட வேண்டும். ஊர்ப் பள்ளி என்றால் ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் வந்து சேர வேண்டுமே!