சிவகாசி பட்டாசு ஏன் ஒரே பெரிய கம்பெனியாக மாறவில்லை?

தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் வாங்கும்போது பிராண்டைப் பார்ப்போம், விலையைப் பார்ப்போம். தயாரிப்பாளர் முகவரியை யாரும் படிப்பதில்லை. ஸ்டாண்டர்ட், காளீஸ்வரி, அய்யன் என்று பெயர் எதுவானாலும் ஊர் ஒன்றுதான்: சிவகாசி. நூறு வருடமாக சில குடும்பங்கள் கட்டி எழுப்பிய தொழில் இது. ஆனாலும் டாடா மாதிரி ஒரே குழுமமாக அது திரளவே இல்லை. ஏன்?

கதை பட்டாசில் அல்ல, தீப்பெட்டியில் தொடங்குகிறது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொழில் கற்றுக்கொள்ள கொல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். இருவரும் உறவினர்கள். ஊரோ வானம் பார்த்த பூமி. விவசாயத்தை நம்பினால் கஞ்சிக்கே திண்டாட்டம். ஆனால் அந்தக் காய்ந்த வெயில்தான் தீக்குச்சியை உலர்த்தத் தோதாக இருந்தது. திரும்பி வந்து 1923-ல் தீப்பெட்டி ஆலை தொடங்கினார்கள். மூன்றே வருடத்தில், 1926-ல், பிரிந்தார்கள். அணில் மார்க் ஒருவருக்கு, காக்கா மார்க் இன்னொருவருக்கு. சண்முக நாடாரை ஊர் ‘காக்கா சண்முக நாடார்’ என்றே கூப்பிட்டது. பிராண்டிங் என்ற வார்த்தை யாருக்கும் தெரியாத காலம்!

பிரிந்தாலும் இரு தரப்புக்கும் புத்தி ஒரே மாதிரி வேலை செய்தது. எதைக் காசு கொடுத்து வாங்குகிறோமோ, அதை நாமே செய்தால் என்ன? தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், அதனால் அச்சகம் வந்தது. அந்த அச்சகம்தான் பிறகு நாடு முழுவதற்கும் காலண்டர் அடித்தது. வெடிமருந்தைக் கையாளத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு வருவதும் நின்றது. 1940-களில் ஸ்டாண்டர்ட் உள்ளிட்ட பட்டாசு ஆலைகள் முளைத்தன. அப்புறம் கல்லூரிகள்: அய்ய நாடார் ஜானகி அம்மாள், ஸ்டாண்டர்ட் ராஜரத்தினம், காளீஸ்வரி.

இவ்வளவு விரிந்தும் ஏன் சேரவில்லை? குடும்பச் சொத்தைப் பங்கு பிரிப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் சட்டம். 1923-லேயே ஸ்வீடன் நிறுவனத்தின் விம்கோ, இயந்திரத் தீப்பெட்டியோடு இந்தியாவில் இறங்கியது. அதனிடமிருந்து கைத்தொழிலைக் காப்பாற்ற, சிறிய ஆலைகளுக்குக் கலால் வரி குறைவாக வைக்கப்பட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் வளர்ந்தால் வரி கூடும் என்றால் எந்த முதலாளி வளருவார்? ஒன்றை நாலாக உடைத்து, சொந்தக்காரர் பேருக்கு ஒன்றாக எழுதுவதே லாபம். பட்டாசும் தீப்பெட்டியும் சிறுதொழிலுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட பட்டியலில் 2015 வரை இருந்தன.

அதே விருதுநகர் மாவட்டத்தில், பக்கத்து ராஜபாளையத்தில், கதையே வேறு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் நூற்பாலை தொடங்கினார். 1960-களில் சிமென்ட், 1990-களில் மென்பொருள் என்று குடும்பம் போனது. இன்று அது ராம்கோ குழுமம். பங்குச் சந்தையில் இருக்கிறது. சிமென்ட்டைக் குடிசைத் தொழிலாக உடைக்க முடியாது. பட்டாசை உடைக்கலாம்.

உடைத்ததன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் சங்கடமான கேள்வி. சிறிய யூனிட்களில் கண்காணிப்பு எட்டாது. குழந்தைத் தொழிலாளர் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் எம்.சி. மேத்தா வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி ஆலை வெடித்ததில் 35-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தப் பகுதியில் விபத்து நடந்தால் அடிக்கடி அடிபடும் சொல் ‘உள்குத்தகை’. லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளை வாடகைக்கு எடுத்து மருந்து கலப்பது வேறு ஆட்கள். விதிப்படி இது குற்றம். எடுத்தவருக்கோ சீசனுக்குள் போட்ட காசை எடுத்தாக வேண்டும். அவசரத்தில் அறைக்குள் ஆளும் கூடும், மருந்தும் கூடும்.

2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டபோதும் அடி சமமாக விழவில்லை. பச்சை நிற வெளிச்சம் தருவதே பேரியம்தான். கம்பி மத்தாப்பு, புஸ்வாணம் வரை அது போகும். பெரிய வீடுகள் ரகத்தை மாற்றி, ‘நீரி’ ஆய்வகத்தின் பசுமைப் பட்டாசு ஃபார்முலாவுக்கு நகர முடியும். சரவெடி பின்னியே கூலி வாங்கிய பெண்கள் எங்கே நகர்வார்கள்? தடையை எதிர்த்து அந்த நவம்பரில் மூடிய ஆலைகள் 2019 மார்ச்சில்தான் திறந்தன. அத்தனை மாதமும் அவர்களுக்குக் கூலி இல்லை.

2025 தீபாவளிக்கு டெல்லியில் பசுமைப் பட்டாசுக்குச் சில நாட்கள் அனுமதி கிடைத்தது, கியூ.ஆர். கோடு இருந்தால் மட்டும். அந்தக் கோடு வேண்டுமென்றால் பதிவு வேண்டும், சான்றிதழ் வேண்டும். உள்குத்தகை அறையில் உருட்டும் வெடிக்கு இரண்டுமே கிடையாது.